காதைத் திறந்து வைத்து நடக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நடைப்பயிற்சி பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. 'காதில் பாட்டு மாட்டிக்கொண்டால் தூரம் தெரியாது' என்ற ஒரு வரியோடு மட்டும் எனக்குச் சண்டை. தூரம் தெரியாமல் நடந்துதான் நான் ஒரு பாவத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

எனக்கு ஊர் விரிஞ்சிபுரம். சர்க்கரை வந்ததிலிருந்து விடியற்காலையில் பாலாற்றங்கரைக்கு நடை. மகன் வாங்கித் தந்த இயர்பட்ஸில் பழைய பாட்டு கேட்டபடி ஆறு மாதம் நடந்தேன். மூன்று வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலையில், பாதி வழியிலேயே சார்ஜ் தீர்ந்து பாட்டு நின்றுபோனது. பார்த்தால் தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ! பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "அப்பிடியே நில்லு நைனா, காலாண்ட பாரு" என்றார். கூழாங்கற்களுக்கு நடுவே, கூழாங்கல் நிறத்திலேயே நான்கு முட்டைகள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும். கத்துவதும் தலைக்கு மேல் பாய்வதும்தான் அதற்குத் தெரிந்த காவல். அது கத்தியது எனக்கு. நானோ பாட்டில் இருந்தேன்.

அதற்கப்புறம் காதில் எதையும் மாட்டுவதில்லை.

முதல் வாரம் ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு பக்கம் நெடுஞ்சாலை லாரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயில். செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கைச் சந்தைக்கு மாடு ஏற்றிப் போகும் வண்டிகள் வேறு. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தது. இருட்டு விலகும்வரை சுவர்க்கோழிப் பூச்சியின் ராஜ்யம்தான். அது வாயால் கத்துவதில்லை, இறக்கையோடு இறக்கையை உரசுகிறது. புழுக்கத்தில் வேகம் கூடும், குளிரில் குறையும். மார்கழிச் சத்தத்துக்கும் சித்திரைச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் இப்போது எனக்கே தெரிகிறது. வெளுத்ததும் வேலிக்காத்தான் புதரில் கவுதாரி தொடங்கும். அடுத்த கொல்லையிலிருந்து பதில் வரும். செம்போத்து குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல 'ஊப் ஊப்' என்னும். அதைப் பார்த்தால் நல்ல சகுனம் என்பார்கள். கேட்டால் பலன் உண்டா என்று யாரும் சொல்லக் காணோம்.

லீவுக்கு வந்த பேரன் ஒருநாள், "யாரோ பைப்பைத் தட்டுறாங்க தாத்தா" என்றான். அரசமரத்தில் இருந்த குக்குறுவான் குருவி அது. உள்ளங்கையளவுதான் இருக்கும், சத்தம் பட்டறைச் சத்தம்.

இந்த ஆற்றங்கரையில் நான் கேட்ட பெரிய சத்தம் 2021 நவம்பரில். பாலாறு கரைபுரண்டு ஓடியபோது ராத்திரியெல்லாம் அதன் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது. வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு; கரையிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள்கூட அப்படி ஒரு சத்தத்தை அன்றுதான் கேட்டோம் என்றார்கள். சேதம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை, ஆனால் பயத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

பாட்டு கேட்காதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கேட்கலாம்.

கடைசியாக, உங்கள் வாசகர்களிடம் ஒரு கேள்வி. இருட்டும் நேரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து, எறிந்த கல் துள்ளித் துள்ளி ஓடி அடங்குவது போல 'சக் சக் சக்கர்ர்' என்று கத்தும் பறவையை ஆட்டுக்காரப் பெரியவர் 'பக்கி' என்கிறார். குடியாத்தம், ஒடுகத்தூர், ஆரணிப் பக்கங்களில் அதற்கு என்ன பெயர்? பதில்கள் வந்தால் கொஞ்சம் இடம் ஒதுக்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விரிஞ்சிபுரம், வேலூர் மாவட்டம்.