உன் தோளைப் பார்த்துத்தான் ஓடியது

காவேரிப்பட்டணம்
ஆவணி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி ஐந்தாறு முறை போட்டுப் பார்த்தேன். உன் வேட்டை நாய்க்குட்டி நன்றாக வளர்ந்துவிட்டது. ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, வாலை நீட்டி, புல்லுக்கு முன்னால் சிலை மாதிரி நின்றதே, அதற்கே திருஷ்டி சுற்றிப் போட வேண்டும். புறா எழுந்ததும், நீ சொல்லும்வரை நிற்காமல் பாய்ந்துவிட்டது, அதுதான் உனக்குக் கோபம். "திமிரும்மா இதுக்கு" என்றாய்.

திமிர் இல்லை கண்ணு. திரும்பப் போட்டுப் பார். புல்லைக் கலைக்க நீ அதற்கு முன்னால் நடந்து போகிறாய். புறா இறக்கையை விரிக்கும் முன்பே உன் வலது தோள் சாய்கிறது. உடனே குட்டியின் பின்னங்கால் தாழ்கிறது. அப்புறம்தான் புறா எழுகிறது. தோள் சாய்ந்தால் ஓடலாம் என்று நீயே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். நம் நாய் மணியின் பின்னங்கால் ஏன் கோணல் என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். தட்டில் களி வைத்து "நில்லு" என்பேன், நிற்பான். "போ" என்றால்தான் வாய் வைப்பான். அவன் விலாவில் கை வைத்தால் உள்ளே மோட்டார் ஓடுவது போல நடுங்கும். எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொடும். கண் மட்டும் என் முகத்தை விட்டு நகராது. எனக்கு ஒரே பெருமை.

ஒருநாள் மாந்தோப்பு ஓரம் இரண்டு கௌதாரி மேய்ந்துகொண்டிருந்தன. "நில்லு" என்றேன், நின்றான். அந்த நேரம் பின்னால் ஆடு ராகியில் வாய் வைத்தது. திரும்பி, "ஏய், போ!" என்று கத்தினேன். மணி அம்பு மாதிரி கிளம்பினான். கௌதாரி தாழப் பறந்து ரோட்டைத் தாண்டியது, இவனும் தாண்டினான். பால் வண்டி அடித்துவிட்டது. மூன்று மாதம் மூன்று காலில்தான் நடந்தான். ஓடிப்போய்த் தூக்கும்போதே, சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்று திட்டினேன். ராத்திரி மஞ்சள் பத்துப் போடும்போதுதான் உறைத்தது, அவன் கேட்டிருக்கிறான். கோழிக்கும் ஆட்டுக்கும் நாள் முழுக்க நான் சொல்லும் "போ"வையே அவனுக்கும் வைத்திருந்தேன். அன்றிலிருந்து அவனுக்கு "பற" என்றொரு சொல், கூடவே தலையில் ஒரு தட்டு. வேறு யாருக்கும் அந்தச் சொல் கிடையாது.

உன் குட்டிக்கும் அப்படி ஒன்று வை. நிறுத்த அங்கே "வோ" என்கிறார்கள் என்றாய், அது சரி. விடுவிக்க "ஓகே" வேண்டாம், ஒரு நாளைக்கு நூறு முறை போனில் சொல்கிறாய். அப்புறம், தூரத்தில் நின்று கூப்பிட்டு விடுவிக்காதே. கூப்பிடுவாய் என்று காத்திருக்கும் நாய் பாதி ஓட ஆரம்பித்த நாய். நீயே திரும்பி அதன் பக்கத்தில் போ, நில், தலையைத் தொடு, பிறகு சொல். பத்து முறையில் எட்டு முறை தோளைச் சாய், குனி, கை தட்டு, ஆனால் விடாதே. உன் உடம்பு எப்படி ஆடினாலும் அதற்கு அர்த்தமில்லை என்று அது புரிந்துகொள்ளட்டும்.

நம் சிப்பிப்பாறை, கன்னியெல்லாம் கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. உன்னுடையது மோப்பத்தில் நிற்கிற பாய்ண்டர். பாய்வதற்கு முன் எல்லா நாயும் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக வளர்த்து நீட்டியிருக்கிறார்கள். அதனால் பறவை உட்கார்ந்திருக்கும்வரை நிற்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பறந்த பிறகும், வெடிச் சத்தத்துக்குப் பிறகும் நிற்பது நீ சொல்லித் தர வேண்டியது. ஏழு மாதக் குட்டியிடம் அதை ஒரே வாரத்தில் கேட்காதே. முதலில் நேரத்தைக் கூட்டு, பிறகு தூரத்தை, பறவையைக் கடைசியில் கொண்டு வா. முப்பது அடிக் கயிறு கழுத்தில் இருக்கட்டும். ஓடிவிட்டால் அடிக்காதே, கத்தாதே. தூக்கிக்கொண்டு போய் நின்ற அதே இடத்தில் வை.

இன்னொன்று. உன் ஊரில் அக்டோபரில் ஃபெசன்ட் என்கிற காட்டுப் பறவையின் வேட்டை சீசன் திறந்ததும், குட்டி பாய்ந்து எழுப்பிய பறவையைச் சுடாதே. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் துப்பாக்கியை இறக்கிவிடு. பாய்ந்தால் பறவை விழும் என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், இத்தனை மாத வேலையும் வீண். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியைப் பிடித்தாலே குற்றம், உன் தாத்தா கண்ணி வைத்த காலம் போச்சு. எனக்கு அதில் வருத்தமில்லை. விடிகாலையில் அவை கத்துவதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன். மணியும் எழுந்து வாசல்படியில் நின்று காதை மட்டும் திருப்புவான்.

அடுத்த வீடியோவைப் பக்கவாட்டில் இருந்து எடுக்கச் சொல். குட்டியோடு உன் தோளும் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா