ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர் சங்கம், மும்பை: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விடாமல் பிடித்துக்கொண்ட போர்க்காலச் சரக்குக் கப்பல்களைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 14, மும்பைத் துறைமுக வெடிவிபத்தின் 80ஆம் ஆண்டு. தமிழ்ப் புத்தாண்டு நாள் என்றாலும், 1944இல் உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப் பலர் வந்தீர்கள். நன்றி. வெடித்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' 1942இல் கனடாவில் கட்டியது. ஒரே வரைபடத்தில் வரிசையாகக் கட்டிய ஃபோர்ட் வகைக் கப்பல். அதில் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து. கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் ஏற்றினார்கள். பஞ்சில் பிடித்த தீ அடங்கவில்லை, மாலை 4.06க்கு முதல் வெடிப்பு. இரண்டையும் சேர்த்து ஏற்றக் கூடாது என்று நம்மில் யாருக்குத் தெரியாது? போர் அவசரத்தில் ஏற்றிவிட்டார்கள். இன்றும் வயிறு எரிகிறது.

அப்புறம் ஜூலையில் அமெரிக்க லிபர்டி கப்பல்கள். 1941 முதல் 1945 வரை 2,710 கட்டினார்கள். 'ராபர்ட் ஈ. பியரி'யை நாலரை நாளைக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பகுதி பகுதியாகச் செய்து வெல்டிங்கில் சேர்த்ததால் வந்த வேகம் அது. ஆனால் குளிர்க் கடலில் சில கப்பல்களின் தகடு பிளந்தது. வெல்டராக இருந்த நம் மூத்த உறுப்பினர் இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்றில் சதுர ஓட்டை, இன்னொன்றில் மூலை வளைந்த ஓட்டை. இழுத்ததும் சதுரத்தின் மூலைதான் முதலில் கிழிந்தது. சரக்கை ஏற்றி இறக்கும் தளத் திறப்பான சரக்கறை வாயின் சதுர மூலையிலும் இதே கதை. பழியை முழுக்க வெல்டர்கள் மேல் போட்டவர்கள் உண்டு. குளிரில் அந்த எஃகே நொறுங்கும் என்று கேம்பிரிட்ஜின் உலோகவியல் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் காட்டினார். இதைச் சொல்லும்போது நம் மூத்த உறுப்பினருக்குக் குரல் தழுதழுத்தது.

செப்டம்பரில், 1960களில் ஒரு பழைய லிபர்டியில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாக இருந்த அண்ணன் பேசினார். நீராவி எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும்; கிராங்க் என்ற வளைதண்டு மேலே வரும் நொடியில் கையை நீட்டி, அதைத் தாங்கும் பேரிங்கின் சூட்டைத் தொட்டுப் பார்த்து, அது இறங்குமுன் எடுத்துவிட வேண்டுமாம். சொல்லும்போதே அவர் கை அந்தத் தாளத்தில் போய்வந்தது.

அந்தப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறோம். கேட்டு எழுதித் தர இரண்டு பேர் தேவை. விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். அண்ணனுக்கு வயது 84.

செயலாளர்