தோளுக்குப் பொருந்தும் உடை

உ
சிவமயம்

பள்ளத்தூர்,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது.

இங்கு நானும் அப்பச்சியும் நலம். அப்பச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பனிக்காலம் கழிந்ததும் அப்பத்தாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது. வளவில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. பங்காளிகள் தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் மேற்கொண்டு நடக்கும். இவற்றையெல்லாம் அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். இப்போது நான் எழுத உட்கார்ந்தது உன் உடைகளைப் பற்றி. தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தால் வேலை இருக்கிறது என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்தாலும் மீதிப் பாதி உன் மேசையிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தைப்பூசத்தன்று சிங்கப்பூர் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் எடுத்த படங்களை உன் சின்னாத்தா எனக்கு அனுப்பியிருந்தாள். 1859-இல் நகரத்தார் கட்டிய கோயில் அது; உன் ஐயா காவடி எடுத்த இடம். நம் பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் நிற்க, நீ மட்டும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால், முழங்கை தாண்டித் தொங்கும் சாம்பல் நிறச் சட்டையில், பாதி முகம் மட்டும் தெரிய நிற்கிறாய். ஒரு படத்தில் அப்படி அமைந்துவிடுவது இயல்புதான். ஆனால், உன் அலுவலக விருந்தில் எடுத்த படத்திலும் அதே சாம்பல் நிறம், அதே பின்வரிசை. தீபாவளிக்குப் பிறகு நீ வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டவில்லை. கேமரா பழுது என்றாய். மிதிவண்டியின் மணி அடிக்கவில்லை என்றால்கூட அன்றைக்கே பழுது பார்க்கக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனவள் நீ; இத்தனை மாதமாகக் கேமராவைச் சரிசெய்யாமல் விட்டிருப்பாய் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆவணியில் நம் வீட்டுக்கு வந்துபோனவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அது முடிந்த பேச்சு.

உடைக்கு வருகிறேன். பெரிய அளவுச் சட்டை உடம்பை மறைத்துவிடும் என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி மறைப்பதில்லை. தோளின் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அது கைக்கு இறங்கிவிட்டால் நிமிர்ந்து நிற்பவளுக்கும் தோள் சரிந்ததுபோலத் தெரியும். மார்பிலும் இடுப்பிலும் துணி தளர்ந்து தொங்கினால், பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் துணியின் அகலம் முழுவதும் உன் உடம்பின் அகலமாகவே படும். ஆயத்த உடைக் கடையில் ஒரு அளவு கூட்டி வாங்குவதைக் காட்டிலும், உன் தோளுக்குப் பொருந்தும் சட்டையை வாங்கி, இடுப்பிலோ கையிலோ தேவையான இடத்தில் மட்டும் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்வது மேல். உனக்கே தெரிந்த விஷயம்தான். கல்லூரி விடுதியில் உன் அறைத்தோழிகளுக்கெல்லாம் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து அளவாகத் தைத்துக் கொடுத்தவள் நீ. அடுத்தவர் தோளுக்கு அவ்வளவு துல்லியமாக அளவு பார்க்கத் தெரிந்த கைக்கு, தன் தோளுக்கு மட்டும் ஏன் பார்க்கத் தோன்றவில்லை?

உன் அப்பத்தாவை நினைத்துப்பார். அவர்கள் எந்தக் காலத்திலும் ஒல்லியாக இருந்ததில்லை. உழைத்துத் தடித்த உடம்பு, அகலமான கால். அந்த உடம்புக்கு அவர்கள் உடுத்தியது கண்டாங்கிச் சேலை. கடுகு மஞ்சளிலும் செங்கல் சிவப்பிலும் கறுப்பிலும் பெரிய பெரிய கட்டம், கையகலத்துக்கு மேலான கரை. பருமனானவர்கள் கட்டம் போட்ட துணி உடுத்தக் கூடாது, அகலக் கரை கூடாது, அடர்ந்த ஒரே நிறம்தான் நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விதியை நம் ஊர் ஆச்சிகள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். கண்டாங்கியின் நூல் கனமானது, உடம்போடு ஒட்டாமல் நிற்கும். வெளுக்க வெளுக்க மெதுவாகும். பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் கால் தடுக்காது. வீட்டு வேலைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அமைந்த கட்டு அது. அந்தக் கட்டில் அப்பத்தா பத்திர அலுவலகத்துக்குள் நடந்து போனால், உள்ளே இருக்கும் அதிகாரி எழுந்து நாற்காலி போடச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் முந்தானையை ஒருமுறைகூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. உடை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. அவர்கள் தம் வேலையைப் பார்த்தார்கள்.

நான் உன்னைக் கண்டாங்கி கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போகச் சொல்வதாக எண்ணிவிடாதே. சட்டையும் கால்சட்டையும் உனக்கு நன்றாகவே பொருந்தும். எதை உடுத்தினால் உடுத்தியதையே மறந்துபோவாயோ அதை உடுத்து என்பதுதான் நான் சொல்வது. எந்த நேரமும் இழுத்து இழுத்து விடவேண்டிய உடை மனத்தில் பாதியைத் தின்றுவிடும். மறைவதற்காக உடுத்திய உடையும் அப்படித்தான்; சரியாக மறைத்திருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

நீ இருக்கும் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. உன் ஐயா இளவயதில் மார்க்கெட் தெருவில், நம்மவர்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் கணக்கெழுதியவர்கள். சுற்றிலும் கோட்டும் சூட்டுமாக வங்கிக்காரர்கள் நடமாடிய தெருவில், நம்மவர்கள் வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகத் தரையில் பாய் போட்டு, சின்ன மேசைப் பெட்டியின் முன் உட்கார்ந்து, கடன் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் வங்கிகளே அவர்களை நம்பிப் பணம் கொடுத்தன. அந்த வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் இன்னார் என்று தெரிந்தது. தெரிந்தபின் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியது அவர்கள் எழுதிய கணக்கு. இரண்டும் வேண்டும். நீ உன் கணக்கை நன்றாக எழுதுகிறாய், அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. உன்னைவிட வயதில் மூத்தவர்கள் இருக்கும் குழுவுக்கு உன்னைத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியை அப்பச்சி இன்னும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியைக்கூட நீ எங்களுக்கு நேரில் சொல்லவில்லை, சின்னாத்தா சொல்லித்தான் தெரிந்தது என்பதை மட்டும் அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை.

ஈர்ப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீ வளர்ந்தவள், கூச்சப்பட்டு நான் பேசாமல் இருந்தால் வேறு யாரோ தவறாகப் பேசுவார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு மனம் போவதில் உடைக்கு இடமே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். முதல் பார்வையில் இடமுண்டு. ஆனால், அந்த இடத்தை மிகப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். ஆவணியில் உன் அயித்தை சிவப்புப் பட்டுதான் கட்டவேண்டும், சிவப்புதான் எடுப்பாக இருக்கும் என்று பிடிவாதம் பிடித்தார்கள் அல்லவா? உளவியல் படிக்கும் உன் அம்மான் மகளிடம் இதை ஒருநாள் சொன்னபோது, 2008-இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த இருவர், சிவப்பு நிறத்தோடு பார்க்கும்போது ஆண்களுக்குப் பெண்கள் கூடுதல் அழகாகத் தெரிகிறார்கள் என்று எழுதியதாகச் சொன்னாள். பிறகு கூடுதலான ஆட்களை வைத்துச் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்த வேறுபாடு மிகச் சிறியதாகவோ இல்லாமலோ போய்விட்டதாம். ஒரு நிறத்தை உடுத்தி ஒரு மனத்தைப் பிடிக்கவும் முடியாது. ஒரு நிறத்தை உடுத்தாததால் இழந்துவிடவும் முடியாது. அன்று அந்தப் பட்டில் நீ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வழக்கமாகச் சிரிக்கும் உன் சிரிப்பை அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்கள் பார்க்காத ஒன்றைப் பற்றி அவர்கள் சொன்ன சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கவேண்டும் என்று நீயே யோசி. அவர்களைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன், இத்தோடு நிறுத்துகிறேன்.

அப்பச்சியை நான் முதலில் பார்த்தது தேவகோட்டையில் ஒரு கல்யாண வீட்டில். வந்திருந்த வாலிபர்கள் எல்லோரும் அந்தக் காலத்து வழக்கப்படி புதிய சஃபாரி உடையில் இருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைக் காட்டுவார், ஒருவர் காலரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். உன் அப்பச்சி அரைக்கை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார்கள். அது காலரைத் திருப்பித் தைத்த சட்டை. அருகில் வந்தபோது அந்தத் தையல் தெரிந்தது. எவ்வளவு நேர்த்தியான தையல் என்பதும் தெரிந்தது. தேய்ந்த சட்டையைத் திருப்பித் தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் உடுத்தி, அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பந்தியில் எல்லோர் இலையையும் பார்த்துக் கவனித்த ஒரு மனிதர்மேல் எனக்கு மனம் போயிற்று. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை; அவர்களிடம்கூடச் சொன்னதில்லை. சட்டை புதிதாக இருந்திருந்தால் மனம் போயிருக்குமா என்று கேட்டால், போயிருக்கும் என்றுதான் சொல்வேன். அழுக்காக இருந்திருந்தால் போயிருக்காது. உடைக்கு உள்ள இடம் அவ்வளவுதான். நம்மைப் பேணிக்கொள்கிறோம் என்பதைத் துணி சொல்லவேண்டும்; மற்றதை நாம் அடுத்தவரைக் கவனிக்கும் விதம் சொல்லிவிடும். ஒளிந்துகொள்பவளால் அடுத்தவரைக் கவனிக்க முடியாது, ஆத்தா. அதனால்தான் எனக்கு இவ்வளவு கவலை.

அம்மான் மகள் இன்னொன்றும் சொன்னாள். 2000-ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட, போட்டுக்கொள்ளக் கூச்சமான பனியனை மாணவர் ஒருவருக்கு அணிவித்து, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். இப்படிக் கேட்கப்பட்ட மாணவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். இதைக் கேட்ட அன்று இரவு எனக்கு உன் நினைவாகவே இருந்தது. நீ எந்தக் குறையை உலகம் முழுவதும் பார்க்கிறது என்று நினைக்கிறாயோ, அதை நீ நினைப்பதில் பாதிப்பேர்கூடப் பார்க்கவில்லை. பார்த்த சிலரும் தங்கள் கவலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எட்டாம் வகுப்பில் கம்பன் விழாவையொட்டி நடந்த பேச்சுப் போட்டிக்கு, அப்பத்தாவின் பழைய கண்டாங்கியை வெட்டித் தைத்த பாவாடையில் நீ மேடை ஏறினாய். மற்றப் பிள்ளைகள் சரிகைப் பாவாடையில் இருந்தார்கள். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காரைக்குடியில், அவ்வளவு பெரிய சபையில், உன் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. கீழே இறங்கி வந்ததும் நீ என்னிடம் கேட்டது, "ஆத்தா, இந்தப் பாவாடையில் பை வைத்துத் தந்திருக்கலாமே" என்பதுதான். அழகாக இருந்தேனா என்று நீ கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று நான் கேட்கக் கூடாது. கேட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று அப்பச்சி சொல்கிறார்கள். ஆனாலும் கேட்டுவிட்டேன். கேமராவை மூடிவிட்டுப் பேசினால் குரலில் இருந்து நான் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நீ நினைத்தால், முப்பது ஆண்டுகள் வகுப்பில் பிள்ளைகளின் குரலைக் கேட்டவளை நீ குறைவாக எடைபோடுகிறாய்.

நன்றாகச் சாப்பிடு. சாப்பிடாமல் இருந்து எந்த உடைக்குள்ளும் நுழையவேண்டாம். உடம்புக்குத் துணியை வெட்டலாம், துணிக்கு உடம்பை வெட்டக் கூடாது. தோளுக்குப் பொருந்தும் சட்டையை வாங்கு. சாம்பல் நிறம் உனக்குப் பிடித்திருந்தால் சாம்பலிலேயே வாங்கு, அளவாக வாங்கு.

பங்குனி முதல் வாரத்தில் சின்னாத்தாவின் மைத்துனர் சிங்கப்பூர் புறப்படுகிறார். அவரிடம் சீப்புச் சீடையும் மணகோலமும் ஒரு கண்டாங்கியும் கொடுத்து அனுப்புகிறேன். காரைக்குடித் தறியில் நெய்தது. 2019-இல் நம் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்த நெசவாளர் வீட்டில் வெளியூர்க்காரர் கூட்டம் கூடியிருக்கிறது. அடிநிறம் கறுப்பு, கட்டம் மஞ்சள், கரை அரக்கு. முதல் தடவை தனியாக, உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்து. எங்கும் கட்டிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டாயமில்லை. மனம் வந்தால் வீட்டில் கட்டிப்பார்.

ரவிக்கைத் துணியும் எடுத்துவிட்டேன். தையற்காரரிடம் உன் பழைய அளவு ரவிக்கை இருக்கிறது. அதே அளவு போதுமா, கூட்டவேண்டுமா, கூட்டினால் எத்தனை அங்குலம் என்று எழுது. துணி தாராளமாக இருக்கிறது. உள்ளேயும் தையல் விட்டுத் தைக்கச் சொல்கிறேன். பங்குனி பிறப்பதற்குள் அளவு வந்தால்தான் அவர் தைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பச்சி கூப்பிடுவார்கள். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
உன் ஆத்தா.