மூக்குச் சக்கரம் கோட்டில் நிற்க வேண்டும்

எங்கள் விமான நிலையத்தை, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காகத் தயாரித்து விற்கும் அணியினருக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது மடல். முதல் மூன்றும் உங்களுக்கு மட்டும் வந்தவை. கேஎல்ஐஏ (கோலாலம்பூர் சர்வதேச விமான நிலையம்) தொகுப்பில் பார்க்கிங் நிலைகள், அதாவது விமானங்கள் வந்து நிற்கும் இடங்கள், தவறாக இருப்பது உங்களுக்குத் தெரியும். படம் பிடித்தே அனுப்பியிருக்கிறேன். போன வாரம் புதுப்பிப்பு வந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கத்து இணையத்தில் அதைத் தரவிறக்க ஒரு முழு இரவு ஆனது. காலையில் திறந்தால் கூரை விளக்குகள் புதிது, கடைப் பலகைகள் புதிது. பார்க்கிங் நிலை ஒன்றுகூட நகரவில்லை.

இது ஏன் எங்களுக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன்.

அப்பா இளவயதில் செம்பனைக் குலை வெட்டியவர். கேஎல்ஐஏ எழுந்ததும் செம்பனைத் தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான். 1998இல் அது திறந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வெயிலிலும் மழையிலும் ஏப்ரனில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில் நின்று, கையில் விளக்குக் குச்சியோடு விமானங்களை நிறுத்திக் கொடுத்தவர். சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை எடுத்த பிறகு வெளியே போவதில்லை. சாயங்காலம் தேநீர் குடித்துவிட்டு என் கணினிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

நான் போயிங் 737-800ஐ டாக்ஸிவேயிலிருந்து (ஓடுபாதையிலிருந்து கேட்டுக்கு வரும் பாதை) திருப்பி, தனியாக நிற்கும் சேட்டிலைட் கட்டடத்தின் சி கேட் ஒன்றுக்குக் கொண்டுவருவேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டி அழைப்பார். மஞ்சள் கோட்டில் வர வர, கையசைப்பு மெதுவாகும். மூக்குச் சக்கரம் நிறுத்தக் கோட்டைத் தொட்டதும் கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைப்பார். நிறுத்து என்று அர்த்தம். நான் பிரேக் போடுவேன். ஆனால் பயணிகள் இறங்கும் ஏரோபிரிட்ஜ் அசையாது. விமானம் நிற்க வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் நிலைப்புள்ளி, நீங்களே வரைந்த கோட்டைத் தாண்டி மூன்று மீட்டர் முன்னால் இருக்கிறது. சரி என்று பிரேக்கை விட்டு இன்னும் உருட்டினால், விமானத்தின் மூக்கு கண்ணாடிச் சுவருக்குள் போகிறது. அப்பாவின் கை அப்போதும் தலைக்கு மேலேயே இருக்கும். "இன்னும் எங்கடா போற, நிறுத்துடா!" என்று முதல் நாள் கத்தினார். இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. கையை இறக்கிவிட்டு வாசலைப் பார்க்கிறார்.

அந்த மூன்று மீட்டரைத்தான் சரிசெய்யச் சொல்கிறேன்.

பெரிய விமானம் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஏர்பஸ் ஏ330-300க்கு ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 60.3 மீட்டர். அது நிற்கும் இடத்துக்கு 30 மீட்டருக்கு மேல் ஆரம் கொடுத்தால்தான் சிமுலேட்டர் அதை அங்கே அனுமதிக்கும். நீங்கள் எல்லா கேட்டுக்கும் ஒரே மாதிரி 18 மீட்டர் போட்டிருக்கிறீர்கள். அது 737க்கும் ஏ320க்குமான அளவு. அதனால் கோலாலம்பூரிலேயே தினமும் பார்க்கிற ஏ330க்கு சிமுலேட்டரின் கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட் தருவதில்லை. தூரத்துத் திடலுக்கு அனுப்புகிறது. நிஜத்தில் ஒரு இறக்கை நுனிக்கும் பக்கத்து விமானத்துக்கும் நடுவே, 737 அளவு விமானம் என்றால் 4.5 மீட்டர், ஏ330 போலப் பெரியது என்றால் 7.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. அப்பா இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல, ஏப்ரனில் நின்று கண்ணால் அளந்தவர்.

நாங்களே திருத்திக்கொள்ளலாம் என்றால் பார்க்கிங் நிலைகள் உள்ள கோப்பைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் வேர்ல்டு எடிட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு நிலையை நகர்த்தி, திசையைத் திருப்பி, எந்த அளவு விமானம் நிற்கலாம் என்று குறித்து, எல்லாருக்குமாக அனுப்பிவைக்கலாம். உங்களிடம் காசு கொடுத்து வாங்கிய எனக்கு அந்த உரிமை இல்லை. கேட்டால், "அடுத்த புதுப்பிப்பில் பரிசீலிப்போம்" என்று மூன்று முறையும் ஒரே வரி பதில். உங்களுடைய ஐரோப்பியத் தொகுப்புகளையும் வாங்கியிருக்கிறேன். அங்கே ஒரு பெரிய விமானமோ இரண்டு சின்ன விமானமோ நிற்கும் நிறுத்துமிடத்தில் இடது, வலது, நடு என்று மூன்று கோடும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? எங்கள் பக்கத்து ஆட்கள் விளக்கையும் பலகையையும் பார்த்தே திருப்தி அடைந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னார்களா? அப்படி நினைத்திருந்தால் அது எங்களுக்கு அவமானம். இங்கே அந்த ஏப்ரனில் வேலை செய்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. ஒரு கோடு தள்ளியிருந்தால் அவர்களுக்குத் தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள். புதிய கட்டடமோ புதிய விளக்கோ கேட்கவில்லை. நிலைப்புள்ளியைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பெரிய கேட்டுகளுக்கு ஏற்ற ஆரம் கொடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் பார்க்கிங் கோப்பின் பூட்டையாவது திறந்துவிடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எந்தக் கேட்டில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ஒரு பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை பதினான்கு கேட் ஆகியிருக்கிறது. நீங்கள் கேட்டால் அன்றைக்கே படம் எடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து கேளுங்கள்.

அன்புடன்,
பந்திங் வட்டாரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்