ஒரு ரூபாய் வட்டி என்று சொல்லிக் கொடுத்த 10 லட்சம்: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
தனிநபர் கடன் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 25.8.2025

பொருள்: தனிநபர் கடனின் உண்மையான வட்டியை மறைத்தது, கேட்காத இன்சூரன்ஸைச் சேர்த்தது, முதல் தவணையை முன்கூட்டியே பிடித்தது தொடர்பாக.

ஐயா,

உங்கள் நிறுவனத்தில் நான் வாங்கிய 10 லட்சம் ரூபாய்க் கடன் பற்றி வாடிக்கையாளர் சேவை எண்ணில் இரண்டு முறை பேசினேன். இராமநாதபுரம் கிளைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போயும் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "சிஸ்டத்துல அப்படித்தான் மேடம் காட்டுது." சிஸ்டம் என்ன காட்டுகிறது என்று எனக்கும் தெரியும். அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று சொல்ல ஆள் இல்லாததால் எழுத்தில் தருகிறேன்.

கடன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஃபைபர் வள்ளத்தில் நண்டு வலை போடுகிறான். நாலு வருடத்துக்கு முன் நண்டு வியாபாரி ஒருவரிடம் 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கினான். அதற்கு வட்டி கிடையாது. பிடிக்கிற நண்டை அவர் வாடியில், அதாவது அவர் நண்டு எடுக்கும் கொட்டகையில்தான் போட வேண்டும், வெளி விலையைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். நாளுக்கு 15 கிலோ, மாதம் 20 நாள் தொழில் என்று வைத்து ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 12,000 ரூபாய் போகிறது. 3 லட்சத்துக்கு 12,000 என்றால் நூற்றுக்கு நாலு ரூபாய் வட்டி. அசலிலோ ஒரு பைசா குறையாது. இதிலிருந்து அவனை வெளியே எடுக்கவும், அடிப்பக்கம் விரிசல் விட்ட பழைய வள்ளத்துக்குப் பதில் புது வள்ளமும் இன்ஜினும் வாங்கவும் என் சம்பளத்தைக் காட்டிக் கடன் கேட்டேன். மொத்தத் தேவை 9,75,000 ரூபாய். ஒரு 25,000 கூடக் குறைய இருக்கட்டும் என்று 10 லட்சமாகக் கேட்டேன்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி சாயங்காலம் உங்கள் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். பரமக்குடிப் பக்கத்துப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். அம்மா திண்ணையில் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். வட்டி எவ்வளவு தம்பி என்று கேட்டேன். "ஒரு ரூபா வட்டிதான் டீச்சர்" என்றார். அம்மா வலையை விட்டுவிட்டு நிமிர்ந்து, "ஒத்த ரூவாயா? அப்பறம் என்னத்த யோசிக்கிற, வாங்கிரு" என்றார். அவர் தன் ஃபோனில் தட்டிக் காட்டினார். 10 லட்சத்துக்கு மாதம் 10,000 வட்டி, 60 மாதத்துக்கு 6 லட்சம், அசலோடு 16 லட்சம், அறுபதால் வகுத்தால் தவணை 26,667. "சிம்பிள் டீச்சர்."

நான் ஏழாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்துகிறவள். அந்த இடத்திலேயே பிடித்திருக்க வேண்டும். வள்ளத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது, அதை உங்கள் மேல் போடவில்லை.

ஆனால் ஒரு ரூபாய் வட்டி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு அர்த்தம் இருக்கிறது. நூறு ரூபாய் பாக்கி நின்றால் மாதம் ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம். பாதி அசலைக் கட்டிவிட்டால் அடுத்த மாதம் வட்டியும் பாதி. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கும் இது தெரியும், அதனால்தான் வாங்கிரு என்றார். உங்கள் ஆள் போட்ட கணக்கில் அசல் குறையக் குறைய வட்டி குறையவில்லை. அறுபதாவது மாதம் என் பாக்கி 16,667 ரூபாய்தான் இருக்கும். ஊர்க் கணக்கில் அதற்கு வட்டி 167 ரூபாய். உங்கள் கணக்கில் அன்றைக்கும் 10,000. மாதம் 26,667 வீதம் 60 மாதம் கட்டினால், குறையும் அசலுக்கு வட்டி ஆண்டுக்கு 20.31 சதவீதம். இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய ஆங்கில அட்டவணையிலேயே 20.31 என்று இருக்கிறது. கடன் விற்கும்போது 12, காகிதத்தில் 20.31.

கதை அங்கேயும் முடியவில்லை. 8ஆம் தேதி காலை 11.15க்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இடைவேளை மணி அடித்த நேரம். 9,05,833 ரூபாய் வரவு. மிச்சம் இன்னொரு தவணையாக வருமோ என்று நினைத்து மதியம் வரை காத்திருந்தேன். வரவில்லை. பிராசஸிங் ஃபீஸ் இரண்டரை சதவீதம், 25,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 4,500. இன்சூரன்ஸ் 38,000. முதல் தவணை 26,667. இவ்வளவையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறீர்கள். வள்ளக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் துண்டு விழுந்ததால் அன்று மாலையே என் சங்கிலியை அடகு வைத்தேன். அதற்கு வேறு வட்டி.

பிராசஸிங் ஃபீஸ் உண்டு என்று அந்தப் பையன் சொன்னார், அதில் எனக்கு வழக்கு இல்லை. மற்ற இரண்டில் உண்டு.

முதல் தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் வந்த அன்றே பிடித்த 26,667இல் உங்கள் அட்டவணைப்படி 16,925 ரூபாய் வட்டி, 9,742 ரூபாய் அசல். எந்த மாதத்துக்கான வட்டி இது? பணம் என் கணக்கில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. தவணையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு முழுக் கடனுக்கும் வட்டி போடும் பழக்கத்தைக் குறிப்பிட்டு, கூடாது என்று ரிசர்வ் வங்கி 29.4.2024 அன்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் கிளை மேலாளர் அதைப் பார்த்ததில்லை என்றார்.

இன்சூரன்ஸ் இதைவிட மோசம். பிரதிநிதி வந்த 5ஆம் தேதி சாயங்காலம் ஏழு முறை ஓடிபி கேட்டார்கள். ஏழையும் சொன்னேன். அதில் ஒன்று இன்சூரன்ஸுக்கான சம்மதமாம். கிளையில் கேட்டபோது கட்டாயம் என்றார்கள். மின்னஞ்சலில் வந்த சான்றிதழிலோ விருப்பத்தின் பேரில் என்று அச்சாகியிருக்கிறது. அதே சான்றிதழில் உடல்நலக் கேள்விகள் அத்தனைக்கும் இல்லை, இல்லை என்று யாரோ டிக் செய்திருக்கிறார்கள். எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை டப்பா அன்று அந்தப் பையன் தண்ணீர் குடித்து வைத்த செம்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகி என் வீட்டுக்காரர் போய் நின்றால், நோயை மறைத்துவிட்டார் என்று சொல்லிப் பணத்தை மறுக்க இந்தத் தாள் போதும். 38,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது இதைத்தான்.

இப்போது மொத்தக் கணக்கு. பள்ளிக் கணினியில் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். கைக்கு வந்தது 9,05,833. இனிக் கட்ட வேண்டியது 59 தவணை. மாதத்துக்கு 2.06 சதவீதம் வருகிறது, ஆண்டுக்கு 24.7. ஒரு ரூபாய் வட்டி என்று எங்கள் திண்ணையில் சொன்னது இரண்டு ரூபாய் ஆறு பைசா ஆகிவிட்டது. நண்டு வியாபாரி நாலு ரூபாய் எடுத்தார், உண்மை. ஆனால் சோளகக் காற்று அடித்துத் தம்பி கடலுக்குப் போகாத நாளில் அவர் ஒரு பைசா கேட்டதில்லை. உங்கள் தவணைக்குக் காற்றும் மழையும் கிடையாது.

இந்த 24.7ஐ நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது. வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுச் சதவீதம் இவ்வளவு என்று ஒரே எண்ணாகக் காட்டும் முக்கிய விவரத் தாளை, உங்கள் ஆட்கள் கேஎஃப்எஸ் என்பார்களே அதை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே கொடுத்து விளக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 15.4.2024 சுற்றறிக்கை. 1.10.2024 முதல் அனுமதிக்கும் சில்லறைக் கடன்களுக்கு அது கட்டாயம். படித்து யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் தர வேண்டும். எனக்கு அந்தத் தாள் 8ஆம் தேதி காலை 10.40க்கு ஒரு லிங்க்காக, ஆங்கிலத்தில் வந்தது. பணம் வந்தது 11.15க்கு. என் அவகாசம் 35 நிமிடம், அதில் நான் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தாளிலும் ஆண்டுச் சதவீதம் என்ற கட்டத்தில் வெறும் 20.31. கட்டணமும் இன்சூரன்ஸும் அதில் ஏறவே இல்லை.

என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் குறையும் அசலுக்கு 11.5 சதவீதம் என்றார்கள். அதே 10 லட்சம், அதே 60 மாதம், தவணை 21,993. மொத்தம் ஏறக்குறைய 13,20,000. உங்களுக்குக் கட்டுவது 16 லட்சம். அங்கே மூன்று வாரம் ஆகும் என்றார்கள், நீங்கள் மூன்று நாள் என்றீர்கள். 12க்கும் 11.5க்கும் அரை சதவீதம்தானே என்று நினைத்து மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தேன். 20.31 என்று அன்றே சொல்லியிருந்தால் வியாபாரியிடம் இன்னும் மூன்று வாரம் பொறுத்திருப்போம்.

நான் கேட்பது இவைதான். இன்சூரன்ஸ் சான்றிதழ் 8ஆம் தேதி வந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் உண்டு, இன்று பதினேழாவது நாள்தான். இக்கடிதத்தையே ரத்துக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு 38,000 ரூபாயைக் கடன் அசலில் கழியுங்கள். முதல் தவணையில் வட்டியாக எடுத்த 16,925ஐயும் அசலிலேயே கழியுங்கள். எல்லாக் கட்டணமும் ஏறிய சரியான விவரத் தாளைத் தமிழில் கொடுங்கள். அதைப் பார்த்துவிட்டு நான் வங்கிக் கடனுக்கு மாறினால், முன்கூட்டி அடைக்கும் 4 சதவீதக் கட்டணத்தைக் கேட்காதீர்கள். இன்றைய பாக்கிக்கு அது ஜிஎஸ்டியோடு 46,740 ரூபாய் வருகிறது. தெரியாமல் உள்ளே வந்ததற்கு ஒரு கட்டணம், தெரிந்து வெளியே போவதற்கு இன்னொரு கட்டணமா?

பதில் எழுத்தில் வர வேண்டும், தொலைபேசியில் வேண்டாம். 30 நாளில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இதே காகிதங்களோடு போவேன். கடன் அட்டவணை, விவரத் தாள், இன்சூரன்ஸ் சான்றிதழ், வங்கிக் குறுஞ்செய்தியின் நகல், என் எக்செல் கணக்கு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8ஆம் தேதித் தவணையைக் கட்டிவிடுவேன். புகார் நிற்கிறது என்று தவணையை நிறுத்தி சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. கட்டிவிட்டதாலேயே உங்கள் கணக்கை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கடன்தாரர்