இந்தக் கணக்கில் நீ எங்கே இருக்கிறாய்?

காங்கேயம்,
12.7.2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. போனில் பத்து நிமிஷத்தில் பேசி முடித்திருக்கலாம், ஆனாலும் நீ உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதனால் நானும் கடையைச் சாத்திவிட்டு, சாப்பிட்டு முடித்து, இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. பெரியவளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். சின்னவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், சனிக்கிழமை வந்துவிட்டு ஞாயிறு இரவு கிளம்பிவிடுவான். எனக்கு முழங்கால்தான் தொந்தரவு. செக்குக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பதால் வந்தது என்று டாக்டர் சொல்கிறார். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

நீ வேலையிலிருந்து நின்றுவிட்டாய் என்று படித்ததும் கொஞ்சம் நேரம் மனசு கனத்துப் போனது. இருபத்தாறு வருஷம் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தவள். ஆனால் அடுத்த பத்தியிலேயே சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மிளகாய்ப் பொடி போட்டு விற்கப் போகிறேன், கையில் நாலு லட்சம் இருக்கிறது, எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். விடுதியில் மெஸ் கணக்கு எழுதிய வசந்தா இன்னும் அப்படியேதான் இருக்கிறாள் என்று சந்தோஷமாக இருந்தது.

நீ கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டுமானால், உன் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரிக்கக் கற்றுக்கொள். நான் இதை இரண்டு வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குள் என் நாலு பவுன் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. அந்தக் கதையை உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை.

2019ல் செக்குப் போட்டபோது எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வாகை மரச் செக்கு, நல்ல நிலக்கடலைப் பருப்பு, எண்ணெயும் வாசமாக இருந்தது. கல்லாவில் எப்போதும் பணம் இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. காலையில் பால்காரருக்கு அதிலிருந்து எடுப்பேன், சின்னவனுக்குப் பரீட்சைக் கட்டணம் அதிலிருந்து போகும், சீர் செய்ய வேண்டுமென்றாலும் அதே கல்லாதான். கூகுள் பே அட்டையில் இருந்தது மகனுடைய நம்பர், அதனால் ஸ்கேன் செய்து வந்த பணமெல்லாம் அவன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடு நடக்கிறது, கடையும் நடக்கிறது, அப்படியென்றால் லாபம்தானே என்று நினைத்தேன்.

நான் போட்ட விலைக் கணக்கைக் கேள். எளிதாக இருக்கட்டும், நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள். 100 கிலோ ஆட்டினால் செக்கில் 40 கிலோ அளவுக்கு எண்ணெய் வரும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 40 கிலோ என்பது 44 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோ, கிலோ 40 ரூபாய் என்று மாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், அது 2,200. பருப்புக்குக் கொடுத்த 12,000ல் இதைக் கழித்தால் 9,800. 44ஆல் வகுத்தால் லிட்டருக்கு 223 ரூபாய் அடங்குகிறது. நான் 255க்கு விற்றேன். லிட்டருக்கு 32 ரூபாய் மிச்சம் என்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பாட்டிலும் லேபிளும் 12 ரூபாய். செக்கு ஓட்டுகிறவருக்கு நாளைக்கு 600 ரூபாய் கூலி, அது லிட்டருக்கு 14. கரண்ட் 4. கடை வாடகை 6,000, மாதம் 600 லிட்டர் விற்றால் லிட்டருக்கு 10. கூட்டிப் பார், 40 ரூபாய். ஒவ்வொரு லிட்டருக்கும் 8 ரூபாய் நான் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன், வசந்தா. என் உழைப்புக்கு ஒரு பைசா வைக்காமலேயே இந்தக் கணக்கு. வெயிலில் தெளிய வைக்கும்போது அடியில் தங்குகிற கசடையும் இதில் சேர்க்கவில்லை.

அப்புறம் கல்லாவில் பணம் எப்படி இருந்தது என்று கேட்பாய். பருப்பு மண்டிக்காரர் 15 நாள் தவணை கொடுத்தார். இன்றைக்கு விற்ற காசு இன்றைக்கே கைக்கு வந்துவிடும், பருப்புக்கான காசு 15 நாள் கழித்துத்தான் போகும். நடுவில் என் கையில் இருந்ததெல்லாம் மண்டிக்காரருடைய பணம். அதை என் பணம் என்று செலவு செய்தேன். தவணை நாள் வரும்போது கொஞ்சம் குறையும், அடுத்த லோடு வாங்கி அதை விற்று முந்தியதை அடைப்பேன். குறை கூடிக்கொண்டே போய் ஒரு நாள் அடைக்க முடியாத அளவுக்கு வந்தபோதுதான் சங்கிலி போனது.

அப்போது எங்கள் தெருவில் மகள் வீட்டோடு ஒரு பெரியவர் குடியிருந்தார். தேவகோட்டைப் பக்கம் கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் வாங்க வந்தவரிடம் என் நோட்டைக் காட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "ஏம்மா, இந்தக் கணக்குல நீங்க எங்கே இருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவே இல்லை. கடையே என்னுடையதுதானே என்றேன். "அதான் தப்பு" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளில், முதலாளி போட்ட பணத்தையே கடை திருப்பித் தர வேண்டிய தொகையாகத்தான் ஏட்டில் எழுதுவார்களாம். அதற்கு முதல்பணம் என்று பெயர். ஊரில் இருக்கும் முதலாளியே ஆனாலும் அந்தக் கடைக்கு அவரும் ஒரு பற்று வரவுக்காரர். பெட்டியடிப் பையனாகச் சேர்கிற சிறுவன் கணக்கு எழுதிப் பழகித்தான் அடுத்தாள் ஆகி, கடையையே நடத்துகிற மேலாள் ஆவான். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், சரக்காக எவ்வளவு நிற்கிறது என்று எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை எடுப்பார்கள். நாம் இன்று பாலன்ஸ் ஷீட் என்று சொல்வது அதுதான். நம் ஊரில் இவ்வளவு இருந்திருக்கிறது, நானோ கல்லாவைத் திறந்து பார்ப்பதையே கணக்கு என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே வங்கிக்குப் போய்க் கடை பெயரில் நடப்புக் கணக்கு ஆரம்பித்தேன். கூகுள் பே அட்டையை மாற்றினேன். எனக்கு மாதச் சம்பளம் 12,000 என்று எழுதினேன். 5ஆம் தேதி அது என் கணக்குக்கு வரும், அதோடு சரி. பால் வாங்கக் கல்லாவில் கை வைத்தால் "சரசு, பற்று" என்று நோட்டில் ஏறும். முதல் இரண்டு மாதம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர்கூட, நம் காசை நாமே கேட்டு வாங்க வேண்டுமா என்று கோபப்பட்டார். நான் விடவில்லை.

விலையை 290 ஆக்கினேன். பயந்துகொண்டேதான் செய்தேன். வாடிக்கையாக வாங்கும் முப்பது வீடுகளில் எட்டு வீடு நின்றுவிட்டது, அதில் மூன்று திரும்பி வந்தது. நீயும் விலை வைக்கும்போது அக்கம்பக்கத்தில் யாரோ விற்கிற விலையைப் பார்த்து வைக்காதே. அவர்களும் என்னைப் போலவே தெரியாமல் நஷ்டத்தில் விற்றுக்கொண்டிருக்கலாம்.

இன்னொரு கணக்கையும் அந்தப் பெரியவரே சொல்லிக் கொடுத்தார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஒரு லிட்டர் ஆட்டினால்தான் வருகிற செலவு வேறு, ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் வருகிற செலவு வேறு. பருப்பு, பாட்டில், கூலி, கரண்ட் எல்லாம் முதல் வகை, லிட்டருக்கு 253 ரூபாய். 290க்கு விற்றால் 37 நிற்கும். வாடகை 6,000, என் சம்பளம் 12,000, கடன் தவணை 4,000 என்று 22,000 ரூபாய் கடையைத் திறக்காவிட்டாலும் போகும். 22,000ஐ 37ஆல் வகுத்துப் பார். 595 லிட்டர் விற்று முடிக்கிற வரைக்கும் நான் கடைக்காகத்தான் உழைக்கிறேன். 596ஆவது லிட்டரில்தான் லாபம் ஆரம்பிக்கிறது. தினசரி காலண்டரில் அந்த நாளைப் பச்சை மையில் வட்டமிடுவேன். தீபாவளி மாதம் 17ஆம் தேதியே வந்துவிடும். கல்யாணம் இல்லாத ஆடியில் சில வருஷம் வரவே வராது. அப்போது முந்தின மாதங்களில் எடுத்து வைத்ததுதான் காப்பாற்றும்.

உன் பொடிக்கும் இப்படி ஒரு எண் இருக்கிறது. இயந்திரம் வாங்குவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடி. மல்லியும் மிளகாயும் வெயிலில் காய்ந்து, வறுபட்டு, அரைபட்டு வரும்போது எடை குறையும். எவ்வளவு குறைகிறது என்று தராசில் நிறுத்து எழுது, குத்துமதிப்பு வேண்டாம். அளவு விஷயத்தில் நான் பட்டது போதும். ஒரு ஓட்டலுக்கு 15 கிலோ டின் என்று பேசிவிட்டு, 15 லிட்டருக்கான விலையைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 15 கிலோ என்பது பதினாறரை லிட்டர். டின்னுக்கு ஒன்றரை லிட்டர் சும்மா போயிருக்கிறது, அதுவும் ஏழு மாதம்.

அதே ஓட்டல்தான் பிறகு ஒன்பது டின் எடுத்துவிட்டு நாலு மாதம் பணம் தராமல் இழுத்தது. கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். இதற்குச் சட்டம் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. உத்யம் என்கிற சிறு தொழில் பதிவைச் செய்துகொள், வசந்தா. ஆதாரை வைத்து இணையத்திலேயே செய்யலாம், காசே கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. அந்தப் பதிவுள்ள சின்னத் தொழிலிடம் சரக்கு வாங்கியவர்கள் 15 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் வட்டியும் உண்டு. போதாததற்கு, 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து, கெடுவுக்குள் தராத பணத்தை அவர்கள் வருமான வரியில் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு மார்ச் மாதத்தில் பாக்கி தானாக வருகிறது. ஆடிட்டர் சொல்லி அனுப்பினார் என்பார்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்காதே. ஜிஎஸ்டிக்கு இப்போதே பயப்பட வேண்டியதில்லை, தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை.

மானியம் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டாவது செக்குக்கு நான் சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம் வாங்கினேன். மாவட்டத் தொழில் மையத்தில் போய் உனக்கு எது பொருந்தும் என்று கேள். ஆனால் மானியம் ரொக்கமாகக் கையில் வராது. வங்கியில் தனியாக 3 வருஷம் கிடந்து, கடைசியில் கடனில் கழியும். அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

சரக்கு விஷயம் ஒன்று. ஒரு வருஷம் பருப்பு மலிவாக வந்தது என்று 2 டன் வாங்கி அடுக்கினேன். இரண்டு லட்சத்துக்கு மேல் அதிலேயே முடங்கிவிட்டது. அப்புறம் மழை பிடித்தது. 300 கிலோவுக்கு மேல் பூஞ்சை. ஆட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். பூஞ்சைக் கடலையில் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சு வரும், புண்ணாக்கைத் தின்கிற மாட்டின் பாலில்கூட அது இறங்கும். பேரக் குழந்தைகள் இருக்கிற வீடுகள் என்னிடம் எண்ணெய் வாங்குகின்றன. குழி தோண்டிப் புதைத்தேன். மிளகாய்க்கும் இதே பூஞ்சை வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாக வாங்காதே, ஒரு மாதத்துக்குப் போதுமானதை வாங்கு.

உன் நாலு லட்சத்தில் இயந்திரத்துக்கு ஒரு ரூபாய்கூட இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். ஆறு மாதம் மில்லில் கூலிக்கு அரைத்துக் கொள். ஒரு லட்சத்தைத் தொழிலுக்கு என்று தனிக் கணக்கில் போட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் "முதல்பணம், வசந்தா, ரூ.1,00,000" என்று எழுது. மீதி மூன்றைத் தொடாதே. அது உன் கடைசிக் காலத்துப் பணம்.

ஆடி முதல் வாரத்தில் இங்கே கூட்டம் இருக்காது. கரூரில் கோயம்புத்தூர் பஸ் ஏறினால் காங்கேயத்தில் இறங்கிவிடலாம், நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. என் பழைய நோட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, நஷ்டத்தில் விற்ற அந்த இரண்டு வருஷ நோட்டுகளும்தான். உட்கார்ந்து பார்க்கலாம். வரும்போது அரைக் கிலோ சாம்பார்ப் பொடி கொண்டு வா, அதை அரைக்க எவ்வளவு மல்லி, எவ்வளவு மிளகாய் போட்டாய், வறுத்த பிறகு எவ்வளவு நின்றது என்று எழுதிய சீட்டோடு.

உன்,
சரசு