ஆடி மழையில் எந்த வெயிலில் காட்டுவது?

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவாலாவில் பிள்ளைத் துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காய வைக்கிறார்கள். இந்த ஆடியிலும் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்மாரிடம், "பிள்ளைக்கு மஞ்சள் காமாலை தெரிந்தால் காலை வெயிலில் காட்டும்மா" என்றே சொல்லி அனுப்புகிறார்கள். எந்த வெயிலில், ஐயா?

வெயில் அடித்தாலும் அது வைத்தியமாகாது. இந்தக் குளிரில் துணியை அவிழ்த்தால் பிள்ளை சில்லிட்டுப் போகும். சில்லிட்ட பிள்ளைக்கு மஞ்சள் மூளையைத் தாக்கும் ஆபத்து கூடுதல். போகட்டும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். எங்கள் கவலை வடியாத பிள்ளைகளைப் பற்றியது.

நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால் டைரக்ட் பிலிருபின் பார்த்தே ஆக வேண்டும். பிலிருபின் என்பது ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி; அதில் ஈரல் பக்குவப்படுத்திய பங்குதான் டைரக்ட். இங்கே பார்ப்பது மொத்த அளவு மட்டும். சீட்டில் ஒரே ஓர் எண் வரும். அது 8 என்றால் "பால் மஞ்சள்தான், பயப்படாதீங்க" என்பார்கள்; தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு வரும் தீங்கில்லாத மஞ்சள் என்று அர்த்தம். அந்த 8-இல் டைரக்ட் அரையா, ஐந்தா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டைரக்ட் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே ஈரலில் கோளாறு தேட வேண்டும். பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளை முதலில் நன்றாகவே பால் குடிக்கும், எடையும் ஏறும். மலம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்துக்கு வரும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும். ஈரலோடு குடலை நேரே இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் பித்தம் திரும்ப ஓட நல்ல வாய்ப்பு. 90 தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். பிறகு ஈரல் மாற்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் மஞ்சள் என்ற சமாதானத்தோடு 45ஆம் நாள் ஊசிக்கு வரும்போதுதான் யாராவது சந்தேகப்படுகிறார்கள். மிச்சம் 15 நாள். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு. நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் ஒரு ஸ்கேன். பித்தம் குடலுக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் ஹைடா ஸ்கேன் என்றால் அதற்கு முன் ஐந்து நாள் பினோபார்பிடோன் மருந்து. நடுவில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்து அனுப்பும் ரத்தமும் பாடாய்ப் படுகிறது. வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும். நேர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் பாதிகூடக் குறையலாம். குழாயைக் கறுப்புத் தாளில் சுற்றாமல் ஜீப்பின் முன் கண்ணாடியோரம் வைத்து அனுப்பினால் ஊட்டிக்குப் போய்ச் சேருவது பொய்க் கணக்கு. (பிள்ளைக்குக் காட்டச் சொல்லும் வெயில் குழாய்க்கு மட்டும் தவறாமல் கிடைத்துவிடுகிறது.)

எனவே கேட்பது இரண்டுதான். மொத்த பிலிருபின் பார்க்கும் அதே கருவியிலேயே டைரக்டும் பார்க்கலாம். ரசாயனக் குப்பிதான் வேறு. அதை வட்ட அளவிலாவது வாங்கி வையுங்கள். அடுத்தது, தாய் சேய் நல அட்டையில் மல நிறப் படம் ஒன்றை ஒட்டிக் கொடுங்கள். தைவான் 2004இலேயே நாடு முழுக்கக் கொடுத்துவிட்டது. 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வர வேண்டிய சுகாதாரப் பணியாளர்கள் படத்தை நீட்டி, "எந்த நிறத்தில் போகுதும்மா?" என்று கேட்டாலே போதும்.

விழிப்புணர்வு வார பிளக்ஸ் பேனருக்கும் சால்வைக்கும் பணம் குறைந்ததில்லை. மஞ்சளை இறக்கப் பிள்ளைக்கு வைக்கும் நீலவிளக்கின் ஒளி போதுமா என்று அளக்கும் மீட்டரைக் கேட்டால் மட்டும் நிதி இல்லை. விளக்கு எரிவதே வைத்தியம் என்றாகிவிட்டது. ஈரமான ஊர் என்பதால் பெட்டித் துணியில் அந்துருண்டை போடும் வழக்கம் இங்கே உண்டு. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தத் துணியைச் சுற்றினால் ரத்தம் உடைந்து மஞ்சள் ஏறும். அதைச் சொல்லவும் ஆளில்லை.

கோபத்தில் எழுதியது பொறுத்தருள வேண்டும். தயவுசெய்து 14ஆம் நாள் டைரக்ட் பிலிருபினுக்கும் நிற அட்டைக்கும் உத்தரவிடுங்கள். அட்டையை நல்ல தாளில் வண்ணத்தில் அச்சடியுங்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல்தான்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்தில் பச்சிளம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் சிலர்